அடி அளந்து வாங்குங்கள்: குறைந்த செலவில் போர்ட்ரெய்ட் லென்ஸ் தேர்வு செய்ய ஒரு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்னால் நண்பன் வீட்டில் காதுகுத்து. அதற்கு முந்தைய வாரம்தான் என் கிராப் சென்சார் கேமராவுக்கு 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கியிருந்தேன். (எம்எம் எண் கூடக் கூடக் காட்சி குறுகி ஆள் பெரிதாகத் தெரிவார், எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் அதிகம் வரும்.) போர்ட்ரெய்ட், அதாவது ஆட்களைத் தனியாக எடுக்கும் படம் என்றால் 85தான் என்று கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள், நானும் வாங்கிவிட்டேன். தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்ததும் கேமராவைத் தூக்கினேன். மாமனின் ஒரு காதும் குழந்தையின் பாதி முகமும்தான் ஃப்ரேமுக்குள் வந்தன. பின்னால் நகர்ந்தால் ஷோகேஸ் முதுகில் இடித்தது. வாசற்படியைத் தாண்டி, கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவில் நின்று எடுத்தேன். குறுக்கே யார் யாருடைய தலையோ. அன்றைக்குத் தேறிய படங்கள் எல்லாம் பையில் சும்மா கிடந்த, கேமராவோடு வந்த பழைய கிட் லென்ஸில் எடுத்தவை.

லென்ஸ் மேல் ஒரு குறையும் இல்லை. 12 அடி ஹாலுக்கு 25 அடி கேட்கிற லென்ஸை எடுத்துக்கொண்டு போனது என் தப்பு. அதனால் இந்த வழிகாட்டியில் லென்ஸ் பெயர்களுக்கு முன்னால் அளவு டேப் வரும்.

1. கேமராவைத் திருப்பிப் பாருங்கள்

முதலில் தெரிய வேண்டியது இரண்டு விஷயம்: உங்கள் கேமராவின் சென்சார் எந்த அளவு, மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) எது.

கேனான் 1500டி, 200டி, ஆர்50, நிக்கான் டி3500, டி5600, இசட்50, சோனி 6000 வரிசை, ஃபூஜியின் எக்ஸ் வரிசை எல்லாம் கிராப் சென்சார், அதாவது ஃபுல் ஃப்ரேம் எனப்படும் பழைய ஃபிலிம் அளவு சென்சாரைவிடச் சிறியது. ஃபுல் ஃப்ரேமோடு ஒப்பிட்டால் நிக்கான், சோனி, ஃபூஜியில் 1.5 மடங்கும் கேனானில் 1.6 மடங்கும் காட்சி குறுகும். அதாவது 50 எம்எம் லென்ஸ் நிக்கான் கிராப்பில் 75 போலவும் கேனான் கிராப்பில் 80 போலவும் நடந்துகொள்ளும். "85தான் போர்ட்ரெய்ட் லென்ஸ்" என்று ஊரெல்லாம் சொல்வது ஃபுல் ஃப்ரேம் கேமராவை வைத்துச் சொன்ன பேச்சு. கிராப் வைத்திருப்பவருக்கு அந்த வேலையை 50 எம்எம் செய்துவிடும், பாதி விலையில்.

அடுத்தது மவுண்ட். இங்கே நிக்கான்காரர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். டி3000 வரிசை, டி5000 வரிசை கேமராக்களின் உடம்புக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 எம்எம் எஃப் 1.8 டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கும் ஜி வகை லென்ஸுக்குள் மோட்டார் இருக்கும், அதை வாங்குங்கள். இசட் கேமராவில் பழைய லென்ஸ்களை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் அந்த டி லென்ஸ்கள் தானாக ஃபோகஸ் ஆகாது.

கேனானில் இந்தத் தொல்லை இல்லை. இஎஃப் லென்ஸ் கேனானின் எல்லா டிஎஸ்எல்ஆரிலும் (உள்ளே மிரர் உள்ள கேமரா) ஓடும். மிரர் இல்லாத ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில்கூட அடாப்டர் போட்டால் ஆட்டோஃபோகஸ் ஒழுங்காக வேலை செய்யும். சோனிக்கும் ஃபூஜிக்கும் வெளி நிறுவனங்களின் லென்ஸ்கள் நிறைய வருவதால் அங்கே பேரம் பேச இடம் அதிகம்.

2. டேப் எடுத்து ஹாலை அளங்கள்

முக்கியமான படி இதுதான், பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஒருவரை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கிராப் சென்சாரில் நீங்கள் நிற்க வேண்டிய தூரம் ஏறக்குறைய இப்படி வரும்.

தலையும் தோளும் மட்டும் வேண்டுமென்றால் 35 எம்எம்முக்கு 3 அடி, 50க்கு நாலரை அடி, 85க்கு ஏழரை அடி.
தலை முதல் கால் வரை வேண்டுமென்றால் 35க்கு 10 அடி, 50க்கு 14 முதல் 15 அடி, 85க்கு 24 அல்லது 25 அடி.

இது உங்களுக்கும் எதிரில் நிற்பவருக்கும் நடுவில் உள்ள தூரம் மட்டும். அவருக்குப் பின்னால் சுவர் ஒட்டாமல் இருக்க நாலைந்து அடி வேண்டும், உங்கள் முதுகுக்குப் பின்னால் ஓர் அடியாவது வேண்டும். ஆக, வீட்டுக்குள் 85 வைத்து முழு உருவம் எடுக்கக் கல்யாண மண்டபம் போல் ஒரு வீடு தேவைப்படும். 50 எம்எம்மில்கூட ஹாலுக்குள் இடுப்பு வரைதான் வசதியாக வரும்.

அப்படியானால் 35 வாங்கி, பக்கத்தில் போய் முகத்தை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் மூக்கு பெரிதாகும். பலர் நினைப்பதுபோல் அதைச் செய்வது லென்ஸின் எண் இல்லை, தூரம். இரண்டடியில் நின்று பார்த்தால் மூக்கு நுனிக்கும் காதுக்கும் உள்ள நாலைந்து அங்குலம், மொத்தத் தூரத்தில் பெரிய பங்கு. ஆறடியில் நின்றால் அது ஒன்றுமே இல்லை. அதனால் மூக்கு எடுப்பாகவும் காது உள்ளே போனதுபோலவும் இரண்டடிப் படத்தில் தெரியும், ஆறடிப் படத்தில் தெரியாது. கையை நீட்டி எடுத்த செல்ஃபியில் முகம் வேறு மாதிரி இருப்பதற்கும் காரணம் இதேதான். முகத்தை மட்டும் எடுக்கும்போது நாலரை, ஐந்து அடிக்குக் குறையாமல் நில்லுங்கள், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும். அந்தத் தூரத்தில் ஃப்ரேமை நிரப்புகிற லென்ஸ் எதுவோ அதுதான் உங்களுடையது. கிராப்பில் அது 50, ஃபுல் ஃப்ரேமில் 85.

யாரை எடுக்கப் போகிறீர்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். தவழுகிற குழந்தை, பாட்டியும் பேத்தியும், சமையலறையில் நிற்கிற அம்மா என்று வீட்டுக்குள்ளேயே எடுப்பவருக்கு 35 அதிகம் உழைக்கும். மொட்டை மாடி, தோப்பு, கடற்கரை என்று வெளியே போகிறவருக்கு 50. ஒரு நிச்சயதார்த்த மேடையை எட்டி நின்று எடுக்க வேண்டும் என்றால்தான் கிராப்பில் 85 பற்றி யோசிக்கலாம்.

3. ஒரு வாரம் கிட் லென்ஸை ஒட்டி வையுங்கள்

காசு போடும் முன் செய்யக்கூடிய ஒரு சோதனை. உங்கள் 18-55 லென்ஸை 50க்குத் திருப்பி, ஜூம் வளையத்தின் மேல் ஒரு செல்லோ டேப்பை ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் அப்படியே படம் எடுங்கள். அடுத்த வாரம் 35இல் ஒட்டுங்கள். எந்த வாரத்தில் டேப்பைப் பிய்த்துவிடலாம் என்று அதிகம் தோன்றியது என்று பாருங்கள். பின்புலம் மங்காது, வெளிச்சம் போதாது, அதை இப்போது கண்டுகொள்ளாதீர்கள். இடம் போதுகிறதா என்று மட்டும்தான் இந்தச் சோதனை.

55-250 அல்லது 70-300 போல ஒரு ஜூம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இன்னொன்றையும் முயலுங்கள். 250இல் வைத்து, எஃப் 5.6இல், 22 அடி தள்ளி நின்று, ஒருவரின் தலையும் தோளும் எடுங்கள். அவருக்குப் பின்னால் மரங்கள் 50, 100 அடி தள்ளி இருக்கட்டும். வருகிற படத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். தூரத்துப் பின்புலம் எவ்வளவு கரையும் என்பதை லென்ஸின் திறப்பு விட்டம் தீர்மானிக்கிறது. 250ஐ 5.6ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 45 மில்லிமீட்டர். 50ஐ 1.8ஆல் வகுத்தால் 28தான். வெளியே, பகலில், பின்புலம் தள்ளி இருக்கும்போது உங்கள் பழைய ஜூமே புது லென்ஸைத் தோற்கடிக்கும். ஆனால் சுவர் இரண்டடி பின்னால் இருந்தாலோ, சாயங்காலம் ஆகிவிட்டாலோ இந்த வித்தை எடுபடாது. வெளிப்புறப் படம் மட்டும்தான் உங்கள் ஆசை என்றால், இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு மிச்சப்பட்ட காசில் வெளிச்சத்தை முகத்தின் மேல் திருப்பும் ஒரு ரிஃப்ளெக்டர் வாங்கிக்கொள்ளலாம்.

4. எஃப் எண்ணுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கிட் லென்ஸ் 55இல் எஃப் 5.6. அதிலிருந்து எஃப் 1.8க்குப் போனால் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். வீட்டு டியூப்லைட்டில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணரும் அளவு) 6400 கேட்ட படம் 640இல் முடிந்துவிடும். கொடுக்கிற காசுக்கு இது பெரிய தாவல்.

1.8இலிருந்து 1.4க்குப் போனால் கிடைப்பது ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். விலையோ இரண்டு மூன்று மடங்காகிவிடும். கையில் காசு குறைவாக இருப்பவர் 1.8இல் நின்றுகொள்வதே என் கணக்கில் புத்திசாலித்தனம்.

முழுதாகத் திறந்து வைத்து எடுப்பதும் அடிக்கடி நடக்காது. கிராப் கேமராவில் 50 எம்எம், எஃப் 1.8, ஐந்தடித் தூரம் என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் 6 சென்டிமீட்டர்தான். ஒருவர் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினால் ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மங்கலாகவும் வரும். எஃப் 2.8க்கு இறக்கினால் 9 அல்லது 10 சென்டிமீட்டர் கிடைக்கும், மலிவு லென்ஸின் கூர்மையும் அங்கே ஒரு படி ஏறும். இரண்டு பேரைச் சேர்த்து எடுத்தால் எஃப் 4 வரை போகத் தயங்காதீர்கள்.

நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும். எதிரில் இருப்பவர் சிரித்துத் தலையை ஆட்டினால் அதற்கு ஒன்றும் செய்யாது. ஆட்களை எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/200 நொடிக்குக் குறையாமல் வைத்தால் போதும்.

5. சரி, எதை வாங்குவது?

விலை மாதத்துக்கு ஒரு முறை மாறும், அதனால் வரிசையை மட்டும் சொல்கிறேன்.

கேனான் டிஎஸ்எல்ஆர் என்றால் இஎஃப் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம். 2015இல் வந்தது, 160 கிராம். இதற்கு முந்தையது 1990இல் வந்த இரண்டாம் பதிப்பு. செகண்ட் ஹேண்டில் அது நிறையக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் மவுண்ட் பிளாஸ்டிக், அப்பர்ச்சர் (ஒளி வரும் திறப்பு) இதழ்கள் ஐந்தே ஐந்து. பின்னால் எரிகிற சீரியல் லைட்டுகள் கொஞ்சம் மூடியதும் ஐங்கோணமாக விழும். எஸ்டிஎம்மில் உலோக மவுண்ட், ஏழு வளைந்த இதழ்கள், குறைந்தபட்சத் தூரமும் 45இலிருந்து 35 சென்டிமீட்டருக்கு இறங்கியது. ஓரிரு ஆயிரம் வித்தியாசம்தான் என்றால் புதியதையே வாங்குங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: ஃபோகஸ் செய்யும்போது இதன் முன்குழாய் வெளியே வரும். கேமராவை அணைப்பதற்கு முன்னால் அதை உள்ளே இழுத்துவிட வேண்டும், அணைத்த பிறகு வளையத்தைத் திருப்பினால் அசையாது. நீட்டிய குழாயோடு பைக்குள் திணித்து அடி வாங்கவிட்டால் ஃபோகஸ் மோட்டார் போய்விடும்.

நிக்கான் கிராப்பில் இரண்டு நல்ல பிள்ளைகள் உண்டு. 2009இல் வந்த டிஎக்ஸ் 35 எம்எம் எஃப் 1.8 ஜி, 2011இல் வந்த 50 எம்எம் எஃப் 1.8 ஜி. முகம் எடுக்க 50, வீட்டுக்குள் எல்லாம் எடுக்க 35. இரண்டாவது படியில் அளந்தது இங்கேதான் கைகொடுக்கும்.

மிரர்லெஸ்ஸில் கேனான் ஆர்எஃப் 50 எம்எம் எஃப் 1.8 (2020), நிக்கான் இசட் 40 எம்எம் எஃப் 2 (2021) இரண்டும் சிறியவை, நம்பி வாங்கலாம். 40 கொஞ்சம் அகலம் என்பதால் முகத்துக்காகக் கிட்டப் போகத் தோன்றும், காலைக் கட்டிப்போட வேண்டும். சோனி கிராப்பில் 50 எம்எம் எஃப் 1.8 ஓஎஸ்எஸ் (ஸ்டெபிலைசேஷன் உள்ளது) நல்லது. ஃபுல் ஃப்ரேமுக்கு என்று வந்த எஃப்இ 50 எம்எம் எஃப் 1.8 மலிவுதான், ஆனால் ஃபோகஸ் ஆமை வேகம், ஓடுகிற குழந்தையை எடுப்பவர் அதைத் தவிர்க்கலாம். கொஞ்சம் கூடுதல் காசு இருந்தால் சிக்மா 56 எம்எம் எஃப் 1.4 இருக்கிறது. 280 கிராம், முழுதாகத் திறந்தாலே கூர்மை. என் நண்பர் வட்டத்தில் அதை வாங்கிய யாரும் திரும்ப விற்றதில்லை. அவ்வளவு முடியாது என்றால் வில்ட்ராக்ஸ் 56 எம்எம் வகைகளைப் பாருங்கள். சீன லென்ஸ் என்று முகம் சுளித்த காலம் போய்விட்டது.

ஃபுல் ஃப்ரேம் வைத்திருந்தால் 85 எம்எம் எஃப் 1.8க்குத் தாராளமாகப் போகலாம். கேனானின் பழைய இஎஃப் 85 1992இலிருந்து இருக்கிறது, செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைக்கும். எஃப் 1.8இல் வெள்ளைச் சட்டை ஓரத்திலும் நகை மினுக்கத்திலும் ஊதா விளிம்பு தெரியும், எஃப் 2.8க்கு மூடினால் அடங்கிவிடும். நிக்கானின் 2012 ஜி, சோனியின் 2017 எஃப்இ இரண்டும் அதைவிட நவீனமானவை, விலையும் அதற்கேற்ப.

50 மட்டும் ஏன் இவ்வளவு மலிவு, ஏதோ மட்டமான சரக்கோ என்று என் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அதன் வடிவமைப்பு மிகப் பழையது. 1896இல் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் செய்த பிளேனார் லென்ஸின் வம்சம். நடுவில் அப்பர்ச்சரை வைத்து இரு பக்கமும் கண்ணாடிகளை ஏறக்குறைய ஒரே மாதிரி அடுக்கினால், ஒரு பக்கம் செய்கிற பிழையை மறு பக்கம் பெருமளவு கழித்துவிடும். அதனால் ஆறு கண்ணாடியிலேயே வேலை முடிகிறது. டிஎஸ்எல்ஆருக்குள் மிரர் மேலும் கீழும் புரள்வதற்காக மவுண்டுக்கும் சென்சாருக்கும் நடுவில் கேனானில் 44, நிக்கானில் 46.5 மில்லிமீட்டர் இடம் விட்டிருக்கிறார்கள். அதைவிடக் குறைந்த எண்ணுள்ள லென்ஸுக்கு ஒளியைப் பின்னால் தள்ளிக் கொண்டுவரக் கூடுதல் கண்ணாடிகள் வேண்டும். 50க்கு அந்தச் செலவு இல்லை. அப்புறம், லட்சக்கணக்கில் விற்பதால் விலை இன்னும் இறங்குகிறது. மட்டமான சரக்கு இல்லை, எளிதில் செய்ய முடிகிற சரக்கு.

6. இவற்றுக்குக் காசு போடாதீர்கள்

இருக்கிற லென்ஸின் முன்னால் திருகிப் போடும் டெலி, வைட் கண்ணாடிகள். இருக்கிற கூர்மையையும் கெடுக்கும். நூறு இருநூறு ரூபாய் யூவி ஃபில்டரும் அப்படியே, எதிரே விளக்கு இருந்தால் படத்தில் பேய் வட்டம் போடும். லென்ஸைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதன் முன்னால் மாட்டும் ஹூட் வாங்குங்கள்.

முதல் லென்ஸாக மேனுவல் ஃபோகஸ் வேண்டாம். ஹீலியோஸ் 44-2 என்ற சோவியத் காலத்து 58 எம்எம் எஃப் 2 லென்ஸுக்குப் பின்புல இலைகளைச் சுழல வைக்கிற தனி அழகு உண்டு, எனக்கும் அதன் மேல் கிறுக்கு உண்டு. ஆனால் பத்துப் படத்தில் மூன்றுதான் கண்ணில் ஃபோகஸ் விழும். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் சாதாரண அடாப்டர் போட்டால் தூரத்து ஃபோகஸே கிடைக்காது. இரண்டாவது லென்ஸாக வரட்டும்.

7. செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

பட்ஜெட்டைப் பாதியாக்கும் வழி இது, ஆனால் கையில் வாங்கிப் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம். சென்னை போன்ற கடலோர ஊர்களில் முதல் எதிரி பூஞ்சை. இரண்டு மூடிகளையும் கழற்றி, செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரியோ பனித்துளி படர்ந்த மாதிரியோ தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூஞ்சை மேல்பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. நாலைந்து தூசித் துகள் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது.

அப்புறம் உங்கள் கேமராவிலேயே மாட்டி, அப்பர்ச்சர் பிரையாரிட்டி மோடில் (எஃப் எண்ணை நாம் வைப்போம், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) 1.8, 4, 8, 16 என்று ஒரே சுவரை நான்கு படம் எடுங்கள். நான்கும் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். 16இல் மட்டும் வெளிறிப்போனால் இதழ்கள் ஒட்டுகின்றன. கேனானில் எர்ரர் 01 வந்தால் லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். மவுண்டில் உள்ள உலோகத் தொடுமுனைகளைத் துடைத்துப் போட்டும் திரும்ப வந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓடவிட்டு, கரகர சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். நான் ஒரு முறை இதைச் செய்யாமல், விற்றவர் நல்ல மனிதராகத் தெரிந்ததால் வாங்கிவந்தேன். நல்ல மனிதர்தான். லென்ஸுக்குள் மணல் இருந்தது.

வாங்கி வந்ததைத் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், முடிந்தால் சின்ன ஈரப்பத மீட்டர். 40 முதல் 50 சதவீதத்தில் நின்றால் போதும். அரிசியில் புதைத்து வைக்கச் சொல்வார்கள், அதன் மாவுத் தூசி லென்ஸுக்குள் போய் உட்காரும்.

8. முதல் வாரம்

புதிதாக வாங்கியிருந்தால் பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போட வேண்டாம், மாற்றிக்கொள்ளும் நாட்கள் முடிவதற்குள் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. டிஎஸ்எல்ஆரில் சில சமயம் ஃபோகஸ், கண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ விழும். மேஜை மேல் ஐந்து பேட்டரி செல்களை மூலைவிட்டமாக, ஒன்றுக்குப் பின் ஒன்று இரண்டு அங்குல இடைவெளியில் நிறுத்துங்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் தேர்ந்து, எஃப் 1.8இல் மூன்றாவது செல்லை ஃபோகஸ் செய்து எடுங்கள். பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டாவதோ நான்காவதோ கூர்மையாக இருந்தால், லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்தபடி, அதே படத்தை மறுபடி எடுங்கள். லைவ் வியூவில் சரியாக வந்தால் லென்ஸின் கண்ணாடியில் பழுது எதுவும் இல்லை, கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். உங்கள் கேமராவில் ஏஎஃப் ஃபைன் ட்யூன் (ஃபோகஸைச் சற்று முன்பின் நகர்த்தும் அமைப்பு) இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். 1500டி, டி3500 போன்ற தொடக்கநிலை கேமராக்களில் அது கிடையாது, கடைக்காரரிடம் வேறு ஒன்றைக் கேளுங்கள். மிரர்லெஸ்காரர்களுக்கு இந்த வேலை இல்லை. கண் ஃபோகஸை ஆன் செய்துவிட்டு, நாலரை அடி தள்ளி யாரையாவது ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லுங்கள்.